சண்முகத்தாய் ஓய்வு பெற்றாள்

பதினெட்டு வயதிலேயே நின்றுவிட்ட என் சண்முகக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமையோடு நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றாய். முதலில் அந்தச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் கொட்டகையிலேயே மேசை போட்டு, லட்டும் மிக்சரும் கொடுத்து, ‘நாற்பது வருஷம் நம்ம எஸ்டேட்டில் கொழுந்தெடுத்த சண்முகத்தாய்’ என்று மைக்கில் சொன்னார்கள். மாலை என் கழுத்தில் விழுந்தது. பேர் உன்னுடையது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தலை சுற்றும். சுற்றட்டும், இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ்காரர்கள் படித்தாலும் படிக்கட்டும். நாற்பது வருஷம் வேலை நடந்ததா இல்லையா என்று தேயிலைச் செடிகளைப் போய்க் கேட்கட்டும்.

உன் பேர் நிரந்தரத் தொழிலாளியாகப் பதிவாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆடி மாதத்து மழையில் காமாலை வந்து, பதினோரு நாளில் நீ போய்விட்டாய். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், விடியும் முன்னே அம்மா என்னை எழுப்பினாள். செடி கிழிக்காமலிருக்க நீ கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்கை என் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். அது எனக்கு இரண்டு சுற்று வந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது, எட்டாம் வகுப்போடு நின்றிருந்தேன்.

“அவ பேரு அங்க இருக்குட்டி” என்றாள் அம்மா. “வெட்டிட்டாங்கன்னா மறுபடி ஒரு பேரு போட எத்தன வருசம் அலையணுமோ. நீ போயி ‘இருக்கேன்’னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

உனக்கு நினைவிருக்கும், நம் கங்காணித் தாத்தாவுக்கு ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளையும் தெரியும். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பேரேட்டைப் பார்த்துக்கொண்டே ‘சண்முகத்தாய்’ என்று கூப்பிட்டார். எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. நேற்றுவரை அந்தப் பேரைச் சொல்லி வீட்டில் ஒப்பாரி வைத்திருந்தோம், இன்று அதற்கு நான் எப்படிப் பதில் சொல்வேன்? அவர் இரண்டாவது முறை கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற அம்மா என் விலாவில் ஒரு இடி இடித்தாள். ‘இருக்கேன்’ என்றேன். அவ்வளவுதான் அக்கா. அன்றைக்குச் சொன்னது நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

அதன் பிறகு எல்லாக் காகிதமும் உன் பேரில்தான். ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் தாயின் பேர், எல்லாம் சண்முகத்தாய். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம், அதாவது என் வீட்டுக்காரர் தங்கராசுவிடம், உண்மையைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் மட்டும் அவர் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பக்கத்து வீடுகளுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று மகளுக்கு இசக்கிராணி என்று என் பேரையே வைத்தோம். அவர் ‘ஏ இசக்கி’ என்று குரல் கொடுத்தால் நாங்கள் இரண்டு பேரும் திரும்புவோம். அவள் கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போன பிறகுதான் அந்தப் பேர் எனக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

உன் பேரைச் சுமந்ததில் எனக்கு ஒரு வீம்பும் வந்தது. என் பேராக இருந்திருந்தால் எப்படியோ வேலை பார்த்திருப்பேன், என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பாத்திரம் விளக்கச் சொன்னால் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் நிறுவையில் ‘சண்முகத்தாய்க்குக் குறைச்சல்’ என்று ஒரு நாளும் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். செத்தவளைக் குறை சொல்ல விடலாமா? விரல் நகம் கறுத்துப் பிளக்கும் அளவுக்கு எடுத்தேன். இருபது வயதிலிருந்து இந்த மலையில் எனக்கு ஒதுக்கிய செடி வரிசை, என் நிரைதான், முதலில் முடியும்.

நீ இருந்த காலத்திலேயே அந்த வழக்கம் உண்டு. தன் நிரையை முதலில் முடித்தவள் சும்மா உட்காரக் கூடாது. பின்தங்கியவளின் நிரையில் மறுமுனையிலிருந்து எதிரே எடுத்துக்கொண்டு வர வேண்டும். இருவரும் சந்திக்கிற இடத்தில் கடைசிச் செடியை இரண்டு பேரும் சேர்ந்து எடுப்பார்கள். நான் எதிரே போகாத நிரை இந்த மலையில் இல்லை. என் நிரையில் யாரும் எதிரே வந்ததில்லை. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று கேட்காதே. கையால் எடுத்த காலம் போய்க் கத்திரி வந்தது. கத்திரியிலும் நான்தான் முந்தினேன்.

இப்போது இந்த மலையில் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் திருப்பூர், எர்ணாகுளம் என்று போய்விட்டார்கள். என் மகன் மட்டும் இங்கே பாக்டரியில் இருக்கிறான், அதனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு நம்மிடம் இருக்கிறது. என் பக்கத்து நிரைக்காரி மங்ரி. இருபத்தைந்து வயது இருக்கும். நாலு வருஷம் முன்னால் அவள் வந்தபோது கத்திரியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. இப்போது அவள் கத்திரிச் சத்தம் கேட்டால் மழை வருகிறது என்று நினைத்துக்கொள்வாய்.

போன வருஷக் கோடையில் மாட்டுப்பட்டி ரோட்டோரம் நிரை. டேமில் படகில் போய் வந்த ஒரு ஜோடி, காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்க வந்தது. மங்ரியோடு நின்று எடுத்தார்கள். நானும் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அந்தப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: “பாட்டி, கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறீங்களா?”

“பாட்டி உங்க ஊர்ல இருப்பா, போயி அவளத் தள்ளிவிடு” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, சின்னப் பெண். ஆனால் அன்று சாயங்காலம் கடையில் தலைச்சாயம் வாங்கினேன். ஒரு வருஷமாகப் பூசிக்கொண்டிருந்த கறுப்பு போதாது என்று, இன்னும் கறுப்பான கறுப்பு.

இந்த நிலைமையில்தான் தை மாதம் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஐம்பத்தெட்டு வயது நிறைவதால் ஆனி மாதத்தோடு சண்முகத்தாய் ஓய்வு பெற வேண்டும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கு ஐம்பத்தைந்துதானே? இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கும் வயதாகும் என்பதையே மறந்திருந்தேன் அக்கா. என் மனதில் நீ எப்போதும் பதினெட்டு, ரெட்டைச் சடை, பச்சை ரிப்பன். ஆபீஸ் புத்தகத்தில் மட்டும் நீ வருஷா வருஷம் ஒழுங்காக மூத்துக்கொண்டே வந்திருக்கிறாய்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வந்தது. என் பேரையும் எடுத்துக்கொண்டாய், இப்போது என் மூன்று வருஷத்தையும் எடுத்துக்கொள்கிறாயா என்று, சுவரில் இருக்கும் உன் படத்தைப் பார்த்துக் கத்தினேன். மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த அந்த ஒரே படம்தான். நீ வழக்கம் போலச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நாம் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் வயதுக்குச் சான்றிதழ் வாங்கி, இன்னும் மூன்று வருஷம் எனக்கு உண்டு என்று ஆபீசில் வாதாட வேண்டும் என்பது திட்டம். எப்பேர்ப்பட்ட அறிவாளி பார். அங்கே இருந்த கிளார்க்கு அம்மா மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர், நல்ல மனுஷி. பழைய ரிஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு என் ஆதார் கார்டைப் பார்த்தார்.

“கார்டில சண்முகத்தாய். ரிஜிஸ்டரில இசக்கியம்மாள். இது ஆரு உங்களுக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிஜிஸ்டரில் இருக்கிறவள் ஒரு நாளும் வேலைக்கு வரவில்லை. வேலைக்கு வந்தவளுக்கு அந்த வயதே இல்லை.

“என் தங்கச்சிம்மா” என்றேன்.

“அப்போ அவங்க நேரில வரணும். ஆள் இப்போ உண்டோ?”

நாற்பது வருஷத்தில் யாரும் என்னைப் பற்றி இப்படி விசாரித்ததில்லை. “உண்டும்மா” என்றேன். “நல்லா இருக்கா. கொஞ்சம் கோவக்காரி.”

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பக்கத்தை ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். மங்கிய நீல மையில் இசக்கியம்மாள் என்று இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

ஆனாலும் எனக்கு அடங்கவில்லை. சூப்பர்வைசர் சேகரிடம் நடந்ததையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பழைய கங்காணி இல்லை, அம்மா இல்லை, இனி யாருக்குப் பயம்? அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். தட்டைத் தள்ளி வைத்தார்.

“ஏட்டி, நல்லா யோசிச்சுக்கோ. ஆபீசுல சொன்னேன்னா நாளைக்கே ‘சண்முகத்தாய் பேருல புரட்டு’ன்னு மல முழுக்கப் பேசுவாங்க. மூணு வருசத்துக்காக நாப்பது வருசத்தத் தூக்கிக் குப்பையில போடப் போறியா?”

“எனக்கு இன்னும் தெம்பு இருக்குய்யா.”

“நான் இல்லன்னு சொன்னேனா?” என்று கை கழுவப் போய்விட்டார். அந்த மனிதரோடு சண்டை போடவும் முடியாது.

தெம்பு இருக்கிறது என்று காட்டிவிட்டு, அதே சூட்டில் சேகரிடம் மறுபடியும் பேச வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு மறுநாள் மலை ஏறினேன். அன்று கிடைத்தது செங்குத்தான ஏற்றம். முழங்கால் முனகியது, கேட்காத மாதிரி போனேன். கத்திரி போட்ட போட்டில் மங்ரியே திரும்பிப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் நிரையில் அவளைக் காணவில்லை. பத்துப் பன்னிரண்டு செடி தள்ளி, என் நிரையில், எதிரே கத்திரிச் சத்தம்.

“யாருட்டி அது என் நிரையில?” என்று கத்தினேன். மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

மங்ரி தலையைத் தூக்கினாள். திருட்டு முழி. “நான்தான் அக்கா.”

“உன்ன யாரு வரச் சொன்னது?”

“யாரும் சொல்லாது. தினமும் நான் எடுக்கும். நீ பாக்காது.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மழைக்காலத்திலிருந்து, ஆறேழு மாதமாக, அவள் தன் நிரையை முடித்துவிட்டு, நான் குனிந்திருக்கும்போது என் நிரையின் மேல்முனையில் பத்துச் செடி எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போய்விடுகிறாள். எடுத்த கொழுந்தை, நிரையோரம் நான் வைத்திருக்கும் கொழுந்துச் சாக்கிலேயே போட்டிருக்கிறாள். நான்தான் முதலில் முடிக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் இறங்கி வந்தேன். மற்ற பெண்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. கத்திரியைக் கீழே போட்டுவிட்டேன்.

“ஏன் செஞ்ச?” என்றேன்.

அவள் என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “நான் புதுசு வந்தப்ப, என் நிரையில தினமும் யார் வந்தது? அக்கா வந்தது. ஒரு நாளும் திட்டாது.” பிறகு கொஞ்சம் யோசித்து, “கொஞ்சம் திட்டும்” என்று திருத்திக்கொண்டாள்.

அவளும் சிரிக்க, நானும் சிரிக்க, அப்படியே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ‘நீ உக்காரு அக்கா’ என்றாள். வேலை நேரத்தில், என் நிரையை இன்னொருத்தி எடுக்க, நான் கல்லில் உட்கார்ந்தேன். நாற்பது வருஷத்தில் முதல் முறை. உட்கார்ந்தால் அந்த இடத்திலிருந்து டேம் தண்ணீர் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். நான் எதிரே போய் எடுத்துக் கொடுத்த பெண்களையெல்லாம் அப்போது என்னவாக நினைத்தேன்? பாவம், முடியவில்லை என்று நினைத்தேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் கவனித்ததே இல்லை. தனக்காக ஒருத்தி மலை இறங்கி வருகிறாள் என்றால் அது எத்தனை பெரிய சம்பாத்தியம். அந்தச் சிரிப்பு எனக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் கிடைத்தது. மங்ரி என் பக்கம் வந்து சேர்ந்தபோது எழுந்து போய், கடைசிச் செடியை இருவரும் சேர்ந்து எடுத்தோம். நான் யார் யாரோடோ இப்படி எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், ஆனால் இந்தப் பக்கம் நின்று எடுத்ததில்லை.

அன்று சேகரிடம் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. மூன்று வருஷத்தை நீயே வைத்துக்கொள்.

தலைச்சாயத்தையும் நிறுத்திவிட்டேன். சித்திரையில் வேர் வெளுத்தது, ஆனியில் காதோரம் முழுக்க வெள்ளை. ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தபோது சட்டென்று உன் நினைவு வந்தது. சின்ன வயதில் நம் இருவரையும் இரட்டையா என்று கேட்பார்களே. அப்படியானால் இது உன் முகமும்தான். பத்தொன்பதில் உன்னைத் தாண்டினேன், நாற்பதில் உனக்குத் தாய் வயது ஆனேன், இப்போது என்னைப் பாட்டி என்று கூப்பிடலாம், நீ கூப்பிட்டால் கோபப்பட மாட்டேன். உனக்கு நரைத்தால் எப்படி இருக்கும் என்று அம்மா கடைசிவரை பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் அக்கா. நன்றாகத்தான் இருக்கிறாய். நெற்றியில் கொஞ்சம் சுருக்கம், கன்னத்தில் வெயில் கறுப்பு, சிரித்தால் இடது பக்கம் ஒரு பல் இல்லை. அழகுதான்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் கடைசி மஸ்டர். சேகர் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ‘சண்முகத்தாய்’ என்றார். முதல் நாள் போலவே எனக்கு வாய் வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை இடிக்க அம்மா இல்லை. மங்ரி முழங்கையைத் தூக்குவது தெரிந்ததும் சத்தமாகச் சொன்னேன்: ‘இருக்கேன்!’ கொட்டகையே சிரித்தது.

சாயங்காலம் மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும் எழுதி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது.

“சண்முகத்தாய் நல்லா வேல பாத்தா” என்றேன். “ஒரு நாளும் நிறுவையில கொறச்சல் வாங்கல. மழைக்கும் நிக்கல, வெயிலுக்கும் நிக்கல. அவள மாதிரி ஒருத்தி இந்த மலையில கெடையாது. எனக்கு அவள நெனச்சா ரொம்பப் பெருமையா இருக்கு.”

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். “பாருங்க, தன்னையே எப்படிப் புகழுது” என்று, எல்லாம் தெரிந்த சேகரும் ஒன்றும் தெரியாதவர் போல மைக்கிலேயே சொன்னார். பின் வரிசையில் என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உனக்காகத்தான் பேசினேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

மருமகன் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன் செய்தார். “ஏனுங்கத்தே, இனி எதுக்குங்க அந்தக் குளுருல கெடக்கோணும்? ஊட்டுக்கு வந்துருங்க” என்றார். பத்து நாள் போய் இருந்துவிட்டு வருவேன். அதற்கு மேல் மலையை விட்டு இருக்க எனக்கு ஆகாது. திரும்பி வந்து, ரோட்டோரம் நிரை விழுகிற நாளில் மங்ரிக்கு ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தக் கல்லில் உட்கார்ந்து டேமைப் பார்க்க வேண்டும். யாராவது ‘பாட்டி, தள்ளி நில்லுங்க’ என்றால் தள்ளி நிற்பேன். நான் இருந்தால் போட்டோ இன்னும் நன்றாக வரும் என்று மட்டும் சொல்வேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. இதுவரை வந்த நரை உன் கணக்கில் இருக்கட்டும். இனி வரப்போகிற ஒவ்வொரு நரையையும் ஒளிக்காமல், சாயம் பூசாமல், என் பேரிலேயே வாங்கிக்கொள்வேன். வீட்டு வாசலில் நின்று யார் ‘இசக்கி’ என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

பதிலுக்கு நீ ஒன்று செய். நாற்பது வருஷம் உன் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் நான் ‘இருக்கேன்’ என்று சொன்னேன். அங்கேயும் ஒரு பேரேடு இருக்குமாம். அதில் ஒருநாள் ‘இசக்கியம்மாள்’ என்று கூப்பிட்டால், நீ எழுந்து நின்று ‘இருக்கேன்’ என்று சொல்லிவிடு. கொஞ்ச வருஷம் சமாளித்துக்கொள். எனக்கு இங்கே இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்திருக்கிறது.

உன் பேரில் உழைத்து, உன் முகத்தில் நரைத்த
உன் தங்கச்சி,
இசக்கியம்மாள்